எண் இருபத்தேழு

பாயை இழுத்தபோது கூடவே ஒரு பாட்டிலும் உருண்டு வந்து செலுவயாவின் முழங்காலில் இடித்தது.

அடக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு. சவப்பெட்டிக்கு அடியில் விரிக்க நல்ல பாய் ஒன்று அப்பாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, எடுத்து வா என்று அத்தை அனுப்பியிருந்தாள். டோங்காத் தீவுக்காரர் வீட்டில் அப்பாவின் படுக்கைப் பக்கம் மகள் போவதில்லை. அவர் தட்டில் மிஞ்சியதைத் தின்பதில்லை, அவர் தலையைத் தொடுவதில்லை. முப்பத்தாறு வயதில், அவர் மாரடைப்பில் போன மறுநாள்தான், அந்தக் கட்டிலுக்கு அடியில் முதன்முதலாகக் குனிந்து பார்க்கிறாள்.

சுவரோரமாக இன்னும் ஏழு பாட்டில்கள். எல்லாம் நோனிப் பழச் சாறு. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அவளே கொட்டை எழுத்தில் எழுதிய எண்: 27. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு எட்டு. ஒன்றின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் பட்டத்துக்காக அவள் நடத்திய முழங்கால் வலி ஆய்வில் அது அப்பாவின் எண். எண் இருபத்தேழின் தாள் அவளுக்கு மனப்பாடம். ஐம்பத்தாறு நாளுக்கும் ஐம்பத்தாறு டிக். கடைசி வரியில், 'முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது.' மனுஷன் நேற்றுக் காலை வரை நொண்டிக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போனார். அதை அவளும்தான் பார்த்தாள். பார்த்து, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாயை உள்ளே கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். செத்தவரின் பிள்ளைகளுக்கு அன்று இடம் அங்கேதான். இடுப்பிலிருந்து மார்பு வரை கந்தல் பாயைச் சுற்றிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டும். மண்ணில் தோண்டிய குழி அடுப்பில் பன்றியை இறக்கி, மேலே வாழை இலையை மூடிக்கொண்டிருந்தான் சேமிசி. அவளுடைய பெரியம்மா மகன்.

"சேமிசிண்ணே, மூணு வருசத்துக்கு முன்னால நான் குடுத்த சாறைக் குடிச்சியா?"

"அடேயப்பா, இன்னிக்குத்தானா அதைக் கேக்கணும்?" என்று நிமிர்ந்தான். "ரெண்டு நாள் குடிச்சேன். நாத்தம் தாங்கல. பன்னிக்கு ஊத்தினேன். பன்னி என்னைப் பாத்துதே ஒரு பார்வை! அதுக்கப்புறம் ஒரு வாரம் கிட்டவே வரல."

"அப்புறம் எதுக்கு வலி கொறஞ்சுதுன்னு சொன்னே?"

"நீ என்ன பண்ணே? வீட்டுக்கு வந்து பாயில உக்காந்து, அம்மா அவிச்சுக் குடுத்த கிழங்கைத் தின்னுக்கிட்டு, 'அண்ணே, வலி கொறஞ்சுதா'ன்னு மூஞ்சியப் பாத்துக் கேட்டே. நம்ம வீட்டுப் பொண்ணு ஃபிஜியில போயிப் படிக்குது. இல்லேன்னு சொல்ல நாக்கு எழும்புமா? மூணு பேர் கொறையலேன்னு சொன்னாங்கல்ல, அவங்க வேற ஊர்க்காரங்க. மரியாதை தெரியாதவங்க."

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொரு பேர், அதில் முப்பத்தெட்டு பேருக்கு நிவாரணம். அந்த முப்பத்தெட்டு பேரும் ஒரே தேவாலயத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பாடுகிறவர்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டது யார் என்று பேராசிரியர் அன்றைக்கே கேட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினாள். பயிற்சி பெற்றவள்தான். எல்லோருக்கும் மகளாகவும் தங்கையாகவும் மருமகளாகவும் இருக்கிறவள் என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கும்.

இப்போது அவள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்று பாடம் எடுக்கிறாள். சொல்வது யார், எத்தனை பேரைக் கேட்டார்கள், யார் போய்க் கேட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவாள். பிள்ளைகள் பயபக்தியோடு பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. நோனிக் கம்பெனி மேனேஜர் ஃபெலெட்டி இறங்கினார். சாவு வீட்டு முறைக்கு ஒரு புதுப் பாய், ஆறு அட்டைப்பெட்டி சாறு. பெட்டிகள் ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்து: 'பல்கலைக்கழக ஆய்வில் உறுதி! 41 பேரில் 38 பேருக்கு நிவாரணம்!' அதற்குக் கீழே வரிசையாக மூட்டு வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம். அவள் முழங்கால் வலியைத் தவிர எதைப் பற்றியும் கேட்டதில்லை. இந்த விளம்பரம் வந்த அன்று அதை மறுத்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். பெருமையும் கொஞ்சம் இருந்தது, எழுதாமல் எழுந்துவிட்டாள்.

உள்ளே அனசேய்னி அத்தை பெட்டியின் தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி சாவில் அக்கா வைத்ததுதான் சட்டம். வருகிற பாயெல்லாம் அவள் முன்னால்தான் வந்து இறங்கும். தம்பி பிள்ளைகள் அவளுக்கு எதிரே வாய் திறக்கக் கூடாது. அவளுடைய இடது பாதத்தில் கட்டு. பக்கத்தில் அதே சிவப்பு எழுத்துப் பாட்டில், பாதி காலி.

"அம்மா, அடுத்த விளம்பரத்துல உங்க படத்தைப் போடலாம்னு இருக்கோம்," என்றார் ஃபெலெட்டி. "ஒரு கையெழுத்துதான்."

"தாராளமாப் போடு," என்றாள் அத்தை. "நாலு மாசமா சர்க்கரை மாத்திரையைத் தொடல. இதுதான். என் தம்பி மக கண்டுபுடிச்சதாச்சே! இந்தக் கால் புண்ணு மட்டும் ஆறிட்டா நடந்தே கம்பெனிக்கு வந்துடுவேன். செலு, பேனா கொண்டாடி."

வாசற்படியில் நின்ற செலுவயா அந்தப் பாதத்தைப் பார்த்தாள். நாலு மாதமாக மாத்திரை இல்லை, ஆறாத புண். பேனாவை எடுத்துக்கொண்டு முழங்காலிலேயே நகர்ந்து உள்ளே போனாள். அத்தையின் கையில் கொடுக்கவில்லை.

"அத்தே, போடாதீங்க."

பெட்டியைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தையின் புருவம் ஏறியது.

"யாருகிட்டடி பேசறே?"

"உங்ககிட்டத்தான். நான் எழுதினது தப்பு. யாரும் அதை ஒழுங்காக் குடிக்கல. நம்ம வீட்டுப் பொண்ணு கேக்குதேன்னு ஆளாளுக்குக் கொறஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுக்க விரும்பல."

"என் தம்பி குடிச்சான். எங்கிட்டயே சொன்னானே!"

"கட்டிலுக்கு அடியில எட்டு பாட்டில் இருக்கு அத்தே. ஒண்ணையும் தொறக்கல."

அத்தை பெட்டிக்குள் பார்த்தாள். ஃபெலெட்டி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தி இருமினாள்.

"பொய்க்காரப் பயலே," என்றாள் அத்தை தம்பியிடம். "சின்ன வயசுலயும் இப்படித்தான். கஷாயத்தை ஜன்னல் வழியா ஊத்திட்டு உதட்டைத் தொடச்சுக்கிட்டு வருவான்." பிறகு செலுவயாவைப் பார்த்தாள். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"பத்திரிகைக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறேன். கம்பெனிக்கும் எழுதறேன். என் வேலை போனாலும் போகும்."

"அவன் பேரை நாறடிப்பியா?"

"பேரே வராது அத்தே. வெறும் இருபத்தேழு."

 அத்தை பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து ஃபெலெட்டியின் முன்னால் வைத்தாள். பாயை ஏற்றுக்கொண்டோம், பெட்டிகளை எடுத்துப் போகலாம் என்று முறைப்படி நன்றி சொல்லி அனுப்பினாள். பாட்டுத் தொடங்கியது.

அடக்கம் முடிந்து ஜனம் கலைந்தபோது வெயில் இன்னும் இருந்தது. குவித்த மணல்மேட்டின் பக்கத்தில் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தை கத்தரிக்கோலை எடுத்து, துக்க வழக்கப்படி செலுவயாவின் பின்னலைக் கழுத்தோடு வெட்டினாள். முடித்துவிட்டு, "அந்த எட்டையும் கொண்டா," என்றாள்.

கல்லறையைச் சுற்றிப் பாட்டிலைக் கவிழ்த்து நடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் அது பத்தாம் நாள் செய்கிற வேலை.

"இன்னிக்கே," என்றாள் அத்தை. "உசுரோட இருக்கும்போது ஏமாத்திட்டான். இப்பக் குடிக்கட்டும்."

செலுவயா ஒவ்வொரு மூடியாகத் திருகினாள். மூன்று வருஷத்துச் சாறு நுரைத்துக்கொண்டு மணலில் இறங்கியது. நாற்றத்தில் சேமிசி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனான். அத்தையின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று செலுவயா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் அத்தை.

"காலையிலேயே போயிடலாம் அத்தே."

ஈர மணலால் தேய்த்து ஏழு பாட்டிலின் தாளையும் உரித்தாள். எட்டாவதைத் தேய்க்கப் போனபோது அத்தை அதைப் பிடுங்கி, குனிந்து, தலைமாட்டில் கவிழ்த்து நட்டாள்.

"இது இருக்கட்டும்."

தலைகீழாக நின்ற எண்ணைப் படிக்கச் செலுவயா கழுத்தைச் சாய்த்தாள். வெட்டிய முடி தோளில் குத்தியது. இருபத்தேழு. அவளுடைய கையெழுத்துதான்.