ரப்பர் மடி

பால்மாவைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை ரப்பர் கையுறைக்குள் ஊற்றி, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, விரல் நுனிகளில் ஊசியால் குத்தினாள் ஷெரி. மரச்சட்டத்தில் தொங்கவிட்டதும் அது உப்பிய பிணத்தின் கை மாதிரி ஆடியது. பக்கத்தில் நின்ற கொரின் ஓரடி பின்வாங்கினாள்.

"அழகா இல்ல?" என்றாள் ஷெரி. "நாளைக்கு மாநில அதிகாரிங்க சோதனைக்கு வர்றாங்க. இன்னைக்கே ஒத்திகை பாத்துடலாம்."

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லம் அது. கொரின் பொழுதுபோக்குச் சிகிச்சைப் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில், பயிற்சிக்காக அங்கே வந்திருந்தாள். நோயாளிக்குப் பிடித்ததைச் செய்யவைத்து அவரைத் தேற்றுவதுதான் படிப்பின் சாரம். இல்லத்தில் நிகழ்ச்சிகளை நடத்தும் ஷெரி தேர்ச்சி தந்தால்தான் பட்டம்.

இந்தக் கூத்துக்கு வழி காட்டியவளே கொரின்தான். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த வெர்லின் ஓப்சால் என்ற முதியவரிடம் போன வாரம் உட்கார்ந்து, என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தாள். வாழ்நாள் முழுக்க மாடு கறந்ததாகச் சொன்னார். மாடுகளை ஏலத்தில் விற்று லாரியில் ஏற்றிய அன்று, வாசலுக்கே வராமல் வீட்டுக்குள் இருந்துவிட்டதையும் சொன்னார். கொரின் இதைப் போய்ச் சொன்னபோது, ஷெரியின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

கூடத்தில் சக்கர நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் காகிதத்தில் செய்த மாட்டுக் காது. ஆறிப்போன புட்டிங்கும் மூத்திரமும் கலந்த வாடை. ஓப்சாலின் மடிமேல் சட்டத்தை வைத்தார்கள்.

"செல்லக்குட்டி, பால் கறக்கலாமா?" ஷெரி கொஞ்சினாள்.

"கன்னுக்குட்டி எங்கேம்மா?" என்றார் ஓப்சால். "இல்ல, அதுவும் காகிதம்தானா?"

ஷெரி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாத்தியா, எவ்ளோ குஷி! கொரின், அவர் கைமேல உன் கைய வெச்சு அழுத்து."

அவருடைய நல்ல கையை எடுத்து ரப்பர் விரலில் வைத்து, மேலே தன் கையை வைத்தாள் கொரின். இரண்டாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்த உத்தி, அப்போது அதில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவர் கை அசையவில்லை. இவள்தான் அழுத்தினாள். வெள்ளைத் தண்ணீர் பீய்ச்சி அவர் கால்சட்டையில் பரவி, நாற்காலிக்கு அடியில் சொட்டியது. கைதட்டினார்கள். ஷெரி படம் எடுத்தாள்.

"போதுமா பாப்பா?" ஓப்சால் அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "மார்க் போட்டுட்டாங்களா?"

கொரின் கையை எடுத்துக்கொண்டாள். தன் அப்பாவின் இறுதிச் சடங்கில், அவர் வாழ்க்கைப் படங்களை ஒட்டி வைத்த பலகையை நினைத்துக்கொண்டாள். திருமணம், டிராக்டர், மீன்பிடிப்பு. கடைசிப் படம் அவர் இருந்த முதியோர் இல்லம் அனுப்பியது, தலையில் காகிதக் கிரீடம். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள், சிரித்தபடி.

சட்டத்தைத் தூக்கித் தரையில் வைத்தாள். செவிலியை அழைத்து அவருக்கு உடை மாற்றச் சொன்னாள்.

"அந்தப் படத்த அழிச்சுடுங்க ஷெரி."

"படம் எடுக்கலாம்னு அவர் மக கையெழுத்துப் போட்டிருக்காம்மா. நாளைக்கு இதையே செய்யற, இன்னும் கொஞ்சம் சிரிச்ச முகத்தோட. இல்லன்னா அடுத்த வருஷம் முதல்லேர்ந்து வேற இடத்துல பயிற்சி. நீயே முடிவு பண்ணிக்கோ."

கொரின் ஓப்சாலின் அறைக்குப் போனாள். "நாளைக்கு என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க சார்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. கதவச் சாத்திட்டு பேஸ்பால் பாக்கணும். அதுக்கும் ஒரு பேரு வெச்சிருப்பீங்களே உங்க காலேஜ்ல?"

"வெச்சிருக்கோம் சார்," என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அதிகாரிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஷெரி நடைக்கு வந்தபோது, ஓப்சால் அறையின் சாத்திய கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொரின் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க விவசாயி தயாரா?" ஷெரியின் குரலில் தேன் ஒழுகியது.

"அவர் வரமாட்டாரு. வரலன்னு அவரே சொன்னாரு. நானும் வரல."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷெரி சிரிப்பை மாற்றாமலே குனிந்து, கொரினின் சட்டையிலிருந்த மாணவர் அட்டையைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் யாரோ பந்தை அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, தொலைக்காட்சியில் கூட்டம் ஆரவாரித்தது.