ஃபைலில் இருக்கிற முகம்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த குழலி, வாசலில் பறை சட்டென்று நின்றதும் நிமிர்ந்தாள். ஏட்டு பாண்டுரங்கன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூரத்து அத்தைக்கு ஆள் விட்டுச் சாவு சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்கு மட்டும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

"எப்பம்மா?"

"விடியக்காலம் சார். நைனா நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

அவர் மாலை வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர்தான். அதுதான் கொடுமை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கால்வாய்த் தண்ணீருக்காக நடந்த அடிதடியில் அப்பா தாமோதரனும் மண்வெட்டிக் காம்பைத் தூக்கினார். ஒருவனுக்குக் கை உடைந்தது. 'ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்' என்றார் வக்கீல். ஒத்துக்கொண்டார். ஆறு மாசம் ஜெயில். முடிந்ததா? மண்ணாங்கட்டி! ஸ்டேஷன் ரவுடிப் பட்டியலில் பேர் ஏறிவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும், ஒவ்வொரு பிள்ளையார் ஊர்வலத்துக்கும் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். குழலியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் போலீஸ்காரர்கள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். "சாவறதுக்குள்ள என் பேர எடுத்துட்டா போதும் பாப்பா" என்றார் அப்பா. குழலி மூன்று மனு எழுதிப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"சார், இப்பவாச்சும் நைனா பேர எடுத்துடுவாங்களா?"

பாண்டுரங்கன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஃபைல மூடிடுவாங்கம்மா. பேரு இருக்கும். பக்கத்துல 'இறந்துட்டாரு'ன்னு எழுதுவோம்."

"அப்போ எப்பதான் போவும்?"

"இருவத்தாறு வருஷமா வேல பாத்துக்கினு கீறேன். ஒருத்தர் பேரும் போயி நான் பாக்கல."

குழலி யாரைத் திட்டுவது? மாலை வாங்கி வந்தவரையா?

அவர் செல்போனை எடுத்தார். "போட்டோ வேணும்மா. தப்பா நெனச்சுக்காத. மூடியத் தூக்கணும், கண்ணாடில வெளிச்சம் அடிக்குது."

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "செத்த மனுசனயும் வுட மாட்டீங்களா? நாசமாப் போவ!"

மாமா வேதகிரி பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் தூக்கிப் பிடித்தார். நெற்றிக் காசை எடுக்கச் சொன்னார் ஏட்டு. குழலி எடுத்தாள்.

"நேரா எடுத்துட்டேன். இப்போ சைடுல. ஃபைல்ல ரெண்டும் இருக்கணும்மா."

குழலி இரண்டு கைகளாலும் அப்பாவின் கன்னங்களைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"திரும்ப மாட்டேங்குது சார்."

ஏட்டு பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் காதுக்கு நேராகத் தரையில் முட்டி போட்டு, போனை நீட்டினார்.

"கைய எடும்மா" என்றார். "உன் கையும் வுழுது."