செத்த வண்டியின் நம்பர்

மார்கழிப் பனி ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திருப்பாதிரிப்புலியூர் இன்னும் கண் விழிக்கவில்லை. தாண்டவராயன் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ரேடியேட்டரில் ஊற்றினான். குளிர் விரல்களைக் கடித்தது. டயர்களைச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் காது கொடுத்தான். டீசல் நெடி தொண்டையில் ஒட்டியது. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கண்டக்டர் சின்னதம்பியும் மற்ற டிரைவர்களும் பின்னால் முதுகு கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி இருமி, புகை கக்கி, உயிர் பெற்றது.

முன் கண்ணாடியைத் துடைக்க இறங்கியவன், லாந்தர் வெளிச்சத்தில் நம்பர் போர்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

இருபத்துநாலு பதினேழு.

நேற்றுவரை இந்த வண்டியில் இருந்த நம்பர் வேறு. இது அவன் அண்ணன் சக்கரபாணி ஓட்டிய வண்டியின் நம்பர். ஐப்பசி மழையில் ஆலப்பாக்கத்தைத் தாண்டிய மதகில் அந்த வண்டி கவிழ்ந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் அழுந்திச் சக்கரபாணி ஒருவன் மட்டும் செத்தான். நசுங்கிய போர்டைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் நெளிவு மட்டும் போகவில்லை.

மெக்கானிக் ராமாமிர்தம் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "நான்தான் மாட்டினேன். மொதலாளி உத்தரவு. ரோட்டுல ஓடத் தகுதின்னு குடுக்கிற எப்.சி. காயிதம் இந்த வண்டிக்கு முடிஞ்சு போச்சு தம்பி. பிரேக் இன்ஸ்பெக்டருகிட்ட காட்டினா பாஸ் ஆவாது. அந்த வண்டிக்குப் பங்குனி வரைக்கும் எப்.சி. இருக்குது."

"செத்த வண்டிக்கா?"

"வண்டிதான் செத்துச்சு. காயிதம் உசுரோட இருக்குதே."

தாண்டவராயன் குடும்பம் மங்கலம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம் கைவிட்டுப் போன பிறகும் பேர் கைவிட்டுப் போகவில்லை. அடுத்தவன் சொத்துக்கோ அடுத்தவன் பேருக்கோ ஆசைப்பட்டவன் அந்த வீட்டில் கிடையாது. இன்னொருத்தன் பேரை ஒட்டிக்கொண்டு ஊரை ஏய்க்கிற வண்டியில் ஏற அவன் கால் எழவில்லை.

அதற்குள் முதலாளி வைத்திலிங்கமே வந்துவிட்டார். மஃப்ளருக்குள்ளிருந்து வெற்றிலை வாசனை வந்தது.

"என்னா தாண்டவராயா, நேரமாவல?"

"இந்த நம்பர்ல நான் ஓட்ட மாட்டேங்க."

"அப்படியா? வர்ற வாரம் உங்கண்ணன் கேஸு கோர்ட்டுக்கு வருது. மழையில வண்டி சறுக்கிடிச்சுன்னும் நான் சொல்லலாம். குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னும் சொல்லலாம். அவன் பேரு என் வாயிலதான் இருக்குது. பாத்துக்க."

சக்கரபாணி வாழ்நாளில் கள்ளு வாசனைகூட அறியாதவன். அண்ணி செல்லாயியின் முகம் தாண்டவராயனுக்கு முன்னால் வந்து நின்றது. இப்போதும் தெருவில் பஸ் ஹாரன் கேட்டால், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறவள் அவள். குடிகாரன் பெண்டாட்டி என்ற சொல் அவள் காதில் விழக்கூடாது. அவன் ஏறி உட்கார்ந்தான்.

பஸ் ஸ்டாண்டில் வெற்றிலைக் கூடையோடு ஏற வந்த ஒருவர் போர்டைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு விலகிப் போனார். ஸ்டியரிங் சில்லென்று இருக்கவேண்டிய நேரத்தில், யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பனிக்குள்ளிருந்து எதிரே வந்த பஸ், விளக்கு வெளிச்சம் போர்டில் பட்டதும் தடுமாறி ஓரம் கட்டியது. அதன் டிரைவர் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தான். அது இந்த ரோட்டு டிரைவர்கள் ஆலப்பாக்கம் மதகைக் கடக்கும்போது சக்கரபாணிக்காக அடிக்கும் ஹாரன்.

"மாமா, திரும்பிடலாம் மாமா," என்றான் சின்னதம்பி. "சீட்டு கிழிக்கவே கை வர மாட்டேங்குது."

தாண்டவராயன் வேகத்தைக் குறைக்க மிதித்தான். பிரேக் பெடல் சேற்றில் வைத்த கால்போலப் புதைந்துகொண்டே போனது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் உருண்டு, உப்பு மூட்டைகள் அடுக்கிய இடத்தில் முட்டிக்கொண்டுதான் நின்றது.

பின்னாலிருந்து ஒருத்தி நொண்டி நொண்டி ஓடிவந்தாள். தலையில் மீன் கூடை. பின்பக்கத்துப் போர்டைப் பார்த்துக்கொண்டே வந்தவள், டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டியா தம்பி! நீ சாவலன்னு எனக்குத் தெரியுண்டா. ஊரு ஆயிரம் பேசும்!"

அவள் மீன்காரக் குப்பு. அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தவள். கால் முறிந்து, நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குப் போனவள். டிரைவர் செத்ததைக் கண்ணால் பார்க்காததால் நம்பவேயில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த நிறுத்தத்தில் கூடையோடு நிற்கும் பெண்கள் எல்லாருமே நம்பரை உருவமாகத்தான் அறிவார்கள். கொக்கு, பாய்மரம், துடுப்பு, அரிவாள். இரண்டு, நான்கு, ஒன்று, ஏழு. மற்ற வண்டிகள் மீன் நாற்றமென்று விரட்டும்போது, கூடையை மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டி அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் கொக்கும் அரிவாளும் வருமா என்று அவள் அங்கே காத்து நின்றாள்.

தாண்டவராயன் தலையை வெளியே நீட்டினான். குப்புவின் முகம் வாடிப்போனது.

"நீ... அவன் இல்ல."

"தம்பி நான். அண்ணன் போயிட்டாருங்க."

அவள் கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப இந்த வண்டி எப்படி வந்துச்சு?"

"நம்பர் மட்டுந்தான் அது. வண்டி வேற."

"அப்படியும் ஒரு ஏமாத்தா?" அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு அவன் என்னா கத்து கத்தினான்! 'பிரேக்கு இல்ல, கம்பியக் கெட்டியாப் புடிச்சிக்குங்க'ன்னு. எதிர்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்துச்சுங்க. வண்டிய வயலுப் பக்கம் ஒடிச்சான். அவன் நெனச்சிருந்தா குதிச்சிருக்கலாம்."

"தூங்கலியா?"

"தூங்கினவன் கத்துவானா?"

தாண்டவராயன் எஞ்சினை நிறுத்தினான். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். சக்கரத்துக்குக் கல் வைத்தான். பிறகு ஸ்பானரை எடுத்து, இரண்டு போர்டையும் கழற்றினான். அவனும் சின்னதம்பியும் குப்புவும் ஒரு ஜட்கா வண்டியில் ஏறி ஷெட்டுக்குத் திரும்பினார்கள்.

வைத்திலிங்கம் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். "வண்டி எங்கய்யா?"

"ஓ.டி.யில நிக்கிது. பிரேக்குல நிக்கல, கல்லுல நிக்கிது."

"ஜனங்கள நடுரோட்டுல எறக்கி விட்டியா?"

"உசுரோட எறக்கி விட்டேன்."

மற்ற வண்டிகளின் டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "கோர்ட்ட மறந்துட்டியா? உங்கண்ணன் பேரு..."

"தூங்கிட்டான்னே சொல்லுங்க. முழிச்சிருந்தான்னு சொல்ல ஆளு வந்திருக்குது."

குப்பு ஜட்காவிலிருந்து ஒரு காலை ஊன்றி இறங்கினாள்.

"மீன்காரி பேச்ச எந்தக் கோர்ட்டுல எடுப்பான்?" என்று சிரித்தார் முதலாளி.

"என் பேச்சு நாறும் மொதலாளி. அதான் நல்லாக் கேக்கும்," என்றாள் குப்பு.

யாரோ சிரித்தார்கள். அதற்குள், வண்டிக்கடியில் வேலை பார்க்கும் குழிக்குள்ளிருந்து கருத்த கைகளோடு ராமாமிர்தம் ஏறி வந்தார்.

"அந்த வண்டிய எப்.சி.க்குக் காட்டினப்ப வேற வண்டிப் பிரேக்க மாட்டிக் காட்டினோம். மறுநாளே கழட்டிட்டோம். பிரேக்கு புடிக்கலன்னு சக்கரபாணி எங்கிட்டச் சொன்னான். நான் உங்ககிட்டச் சொன்னேன். 'எப்.சி. இருக்குது, ஓட்டச் சொல்லு'ன்னீங்க. இத நான் கோர்ட்டுலயும் சொல்லுவேன். எனக்கு ராத்திரில தூக்கமே வர்றதில்ல மொதலாளி. கண்ண மூடினா அவன் வந்து பெடல மிதிச்சிக் காட்டுறான்."

ஷெட்டில் எஞ்சின்கள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. பரங்கிப்பேட்டை வண்டியின் டிரைவர் ஜன்னல் வழியே கேட்டான்: "அப்ப என் வண்டிக்கு எப்.சி. இருக்குதா? இருந்தா காட்டுங்க."

"உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? ஓட்டறது உன் வேல."

"சாவறதுமா என் வேல?"

அவன் எஞ்சினை நிறுத்தினான். பக்கத்து வண்டி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கடைசி எஞ்சின் அடங்கியபோது ஷெட்டில் விழுந்த அமைதியில் தாண்டவராயனின் உடம்பு சிலிர்த்தது. அந்த அமைதிக்குள் அண்ணன் எங்கோ மிக அருகில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. பயமாக இல்லை. நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு வண்டியா ஓட்டிப் பாக்கட்டும்," என்றான் உரக்க. "அதுவரைக்கும் எந்த வண்டியும் வெளிய போவாது. எங்கண்ணன் எப்படிச் செத்தான்னு கோர்ட்டுல உள்ளது உள்ளபடி நாங்களே சொல்றோம். எங்க குடும்பத்துப் பேர இனிமே அடுத்தவன் வாயில அடகு வைக்க மாட்டோம்."

டிரைவர்களும் கண்டக்டர்களும் கேட்டை மறித்துக் குந்தினார்கள். குப்பு, முறிந்த காலை நீட்டி நடுவில் உட்கார்ந்தாள். வைத்திலிங்கம் உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் போட்டார். பண்ருட்டிக்கும் போட்டார். அங்கே அவருடைய மச்சான் லாரி வைத்திருந்தார். டிரைவர்களுக்குப் பஞ்சமில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு லாரி வந்து கேட்டுக்கு முன் நின்றது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பண்ருட்டி ஆட்கள். காக்கிச் சட்டைகள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள்.

லாரியை ஓட்டி வந்தவன் நரைத்த மீசைக்காரன். இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றான். "என்னா சமாச்சாரம்? கூலித் தகராறுன்னாங்களே."

தாண்டவராயன் எழுந்து சொன்னான். செத்த வண்டியையும் உயிரோடிருக்கும் காகிதத்தையும் அண்ணனையும் ஒளிவு மறைவில்லாமல் சொன்னான். மீசைக்காரன் கடைசிவரை கேட்டான். திரும்பித் தன் லாரியைப் பார்த்தான். அதன் முன் சக்கரத்தருகே போய்க் குனிந்து பிரேக்கைப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார்: "என்னாய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? வண்டிங்கள எடுங்கய்யா!"

ரோட்டுக் கோடியில் போலீஸ் வேனின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. மீசைக்காரன் தன் ஆட்களை நோக்கிக் கையசைத்தான். அவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாண்டவராயனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"கொஞ்சம் நவுந்து குந்துங்கப்பா," என்றான். "நாங்களும் குந்தணும்."