முகம் காட்டும் நேரம்

நீலச் சட்டையை மஞ்சள் பைக்குள் திணித்து, பையைக் கட்டிலுக்கடியில் மூலை வரைக்கும் காலால் தள்ளினான் ஆல்வின். முதுகில் சாப்பாடு டெலிவரி கம்பெனியின் பெயர் போட்ட சட்டை. நேற்று ஆஸ்பத்திரியில் அப்பாவின் உடம்பிலிருந்து கத்தரியால் வெட்டி எடுத்துக் கொடுத்தார்கள். வெளியே பந்தலில் அப்பா ஐயாசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மா அன்புக்கரசி. அழுவதற்கும் தெம்பில்லாமல், பெட்டி விளிம்பில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒளிச்சு வெச்சுப்போட்டயா?” மாமா லட்சுமணசாமி அறைக்குள் எட்டிப் பார்த்தார். அம்மாவின் அண்ணன். நேற்றிலிருந்து எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கிறது.

“வெச்சுட்டனுங் மாமா.”

“போனு?”

ஆல்வின் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினான். அப்பாவின் போன். வண்டி அப்பளமாக நொறுங்கியிருந்தது, போனுக்கு ஓரத்தில் ஒரு கீறல்தான். காலையிலிருந்து அதில் கம்பெனியின் ஒரே செய்தி நிற்கிறது: ‘ஆல்வின், நேற்றைய ஆர்டர் முடிக்கப்படவில்லை. இன்று மாலை 4 மணிக்குள் உங்கள் முகத்தை உறுதி செய்யாவிட்டால் ஐடி நிறுத்தப்படும்.’ கீழே ஒரு கும்பிடு பொம்மை வேறு.

மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்குப் பெட்டியை மூடி எடுக்கலாம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

கம்பெனியைக் கேட்டால் ஐயாசாமி என்று ஓர் ஆளே அங்கே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தார். யாரோ ஒருவர் குழம்பு கொட்டிவிட்டதென்று புகார் போட, ஒரே ராத்திரியில் அவர் ஐடியை நிறுத்திவிட்டார்கள். கொட்டவில்லை என்று சொல்லவும் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. எந்த எண்ணுக்குப் போட்டாலும் ஒரு மெஷின் வணக்கம் சொன்னது. அதன்பிறகு மகன் பேரில் புது ஐடி எடுத்தார்கள். பகலில் அப்பா ஓட்டுவார், வொர்க்‌ஷாப் விட்டு வந்து ஆல்வின் ஓட்டுவான். வொர்க்‌ஷாப்பில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. வீட்டில் அடுப்பெரிவது அந்த ஐடியால்தான்.

அதில் ஒரே ஒரு வில்லங்கம், முகம். காலையில் ஒரு தடவை, நடுவில் நினைத்தால் ஒரு தடவை, போனிலிருக்கும் கம்பெனி ஆப் ஐடிக்காரனின் முகத்தைக் கேட்கும். விடியற்காலை ஆறு மணிக்கு ஆல்வின் அசந்து தூங்கும்போது அப்பா பக்கத்தில் வந்து குந்துவார். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவார்.

“கண்ணு, சித்த மொகத்தைக் காட்டு சாமி.”

அவன் முனகுவான்.

“கண்ணத் தொற கண்ணு. மூடியிருந்தா இது ஒத்துக்க மாட்டேங்குது.”

பச்சை வட்டம் வந்ததும், இனித் தூங்கு என்று போர்வையை இழுத்து விட்டுப் போவார். நடுப்பகலில் கேட்டால்தான் சங்கடம். பத்து நிமிஷம் கொடுப்பார்கள். எங்கே இருந்தாலும், கையில் யார் வீட்டுச் சாப்பாடு இருந்தாலும், அப்பா மதுக்கரைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வொர்க்‌ஷாப் கேட்டுக்கு வருவார். ஆல்வின் கிரீஸ் கையோடு ஓடி வந்து முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போவான். அப்பாவும் மகனும் பகலில் பார்த்துக்கொள்வதே அப்படித்தான்.

நேற்றும் நடுப்பகலில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. “வாரேன் கண்ணு, கேட்டுல நில்லு. சுந்தராபுரத்துல இருக்கறேன்.”

“வெசயா வாங்ப்பா. சூப்பர்வைசர் திட்டறாரு.”

வெசயா வாங்ப்பா. வேகமாக வரச் சொன்ன அந்தச் சொல்லைத் தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பன்னிரண்டு நிமிஷம் கேட்டில் நின்றான். இந்த மனுசனுக்கு இதே பொழப்பாப்போச்சு என்று திட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினான். அதற்குள் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, வளைவில், சிமெண்ட் லாரிக்கு அடியில் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நோட்டை வைத்துக்கொண்டு, எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டு, “கடைக்குப் போனாருங்க” என்றார். ஆல்வின் தலையாட்டினான். ஒரு தலையாட்டலில் அப்பா வேலையில்லாமல் ஊர் சுற்றப் போன மனுசனாகிவிட்டார்.

“பந்தலுக்குப் பின்னாடி போயி மொகத்தைக் காட்டிப்போட்டு வந்துரு ஆல்வினு,” என்றார் மாமா இப்போது. “காட்டீட்டா ஓட்டுனவன் நல்லாத்தான் இருக்கறான்னு கம்பெனிக்காரனுக முடிச்சுக்குவானுக. ஐடியும் தப்பிச்சுக்கும். நாளைக்கு உன்ற அம்மாளுக்கு என்ன பண்ணுவே?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாசலுக்கு வந்தான். ஓரமாக நான்கைந்து பேர் சட்டை மேல் சட்டை போட்டு, கம்பெனி பெயரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் செங்கோடன். டெலிவரிக்காரர்களின் சங்கத்தில் இருப்பவர், அப்பாவை அண்ணனென்று கூப்பிடுவார். ஆல்வினைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

“நலவாரியத்துல பதிய வாங்கண்ணான்னு மூணு தடவ கூப்பிட்டேன் தம்பி. என்ற பேர்ல ஐடி இல்லையே செங்கோடா, நான் எங்கத்த வாரதுன்னு சிரிச்சுப்போட்டுப் போயிட்டாரு.” கையிலிருந்த காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தார். “நேத்து வேலை நேரத்துலதான் செத்தாருன்னு நீ எழுதிக் குடுத்தா, நாங்க ஸ்டேஷனுக்கும் கம்பெனிக்கும் போறோம்.”

“குடுத்தா என்னாகுங்ணா?”

“மறைக்கறதுக்கில்ல. ஐடி போயிரும். ஆள்மாறாட்டம்னு உன்மேல கேஸ் குடுத்தாலும் குடுப்பாங்க.”

“ஏதாச்சும் கெடைக்குங்ளா?”

“தெரியாது தம்பி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வருசம் அந்த மனுசன் மழையிலும் வெயில்லயும் ஓடுனாரு. எங்கயாச்சும் ஒரு காகிதத்துல அவர் பேரு இருக்கோணுமில்ல.”

மாமாவுக்குக் காது கேட்டிருக்க வேண்டும். “ஏனுங், எழவு ஊட்டுல வந்து என்ன பேச்சுங்க இது? சின்னப் பையனப் போட்டுக் கொழப்பாதீங்க,” என்று நடுவில் வந்து நின்றார். செங்கோடன் ஓரமாக நகர்ந்து நின்றார்.

போன் உறுமியது. ‘இன்னும் 10 நிமிடங்கள் மட்டுமே.’

ஆல்வினுக்குப் போனைத் தூக்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. எறிந்தால் நாளைக்குச் சோறு? காட்டினால், அப்பா கடைக்குப் போனவராகவே மண்ணுக்குள் போவார். இரண்டு பக்கமும் சுவர். இந்த வயதில் இதைத் தீர்மானிக்கச் சொல்லி எந்தச் சாமி விட்டது என்று ஆத்திரமாக வந்தது. அப்பாவின் மேலேயே கோபம் வந்தது. பத்து நிமிஷம் தாண்டினால் தாண்டட்டும் என்று மெதுவாக வந்திருக்கக் கூடாதா?

பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபடி சத்தம் கொடுத்தார்.

“பொட்டி மூடப் போறமுங்க. மொகம் பாக்கறவிங்க எல்லாம் கடைசியாப் பாத்துக்கங்க.”

சனம் வரிசையாக வந்தது. அப்பா சோறு கொண்டுபோய்க் கொடுத்த அடுக்குமாடிகளிலிருந்து ஒருவரும் இல்லை. அவர்களுக்கு ஆல்வின் என்ற பேர்தான் தெரியும். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் ஆல்வினுக்குத்தான் போட்டார்கள்.

ஆல்வின் செங்கோடனிடம் போனான். “எழுதுங்கண்ணா. எங்கப்பன் வேலைக்குத்தான் போனாரு. என்ற மொகத்துக்குத்தான் வந்தாரு. நான் கையெழுத்துப் போடறேன்.”

“ஆல்வினு,” என்றார் மாமா.

அவன் வரிசையைத் தாண்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் முட்டிபோட்டான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, முகத்தை உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினான். வட்டம் வந்தது. அதை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நெற்றியில் பஞ்சு வைத்துக் கட்டிய முகம் வட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

வட்டம் சிவப்பானது. ‘முகம் தெளிவாக இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்.’

“என்ன கண்ணு பண்றே?” அம்மா கேட்டாள்.

“மொகம் காட்டறம்மா.”

மறுபடி பிடித்தான். இந்தத் தடவை வட்டம் கொஞ்சநேரம் யோசிப்பதுபோல் சுற்றியது. பிறகு கீழே எழுத்து வந்தது.

‘கண்களைத் திறந்து நேராகப் பார்க்கவும். இன்னும் ஒரு வாய்ப்பு உள்ளது.’

ஆல்வின் தலைமாட்டில் இருந்த செம்பில் விரலை நனைத்தான். கட்டுக்கு வெளியே வந்திருந்த அப்பாவின் நரைத்த முடியை மெதுவாக ஒதுக்கிவிட்டான்.

“சித்த மொகத்தைக் காட்டுங்ப்பா,” என்றான்.