உள்ளே நாலு பேர்

மேசைமேல் உருண்டுவரும் தக்காளியில் அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தாலும் ஏலவார்குழலி அதை எடுத்து ஒதுக்கிவிடுவாள். பழுத்த பழம் ஒன்று உள்ளே போனால் போதும், அது விடுகிற வாயுவில் மற்றதெல்லாம் பழுக்கத் தொடங்கிவிடும். பச்சைக்காய் மட்டும்தான் மூன்றாம் அறைக்குப் போகும். அறையை அடைத்துக் குளிரவைத்து, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். மூச்சு அடங்கிய காய் மூன்று வாரம் ஆனாலும் வைத்தது வைத்தபடி கிடக்கும்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கே அறை நிரம்பிவிட்டது. சூப்பர்வைசர் மோகன்ராஜ் கதவை இழுத்து மூடி, இடுக்கில் டேப் ஒட்டினான். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்த பெண்கள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். சுவரோரம் ஒரு ஜோடி மிஞ்சியது. நீலச் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

காலையில் வேனில் புதிதாக வந்த ஒல்லியான பெண் குழலிக்கு நினைவு வந்தது. அவளிடம் ஒரு கூடை நிறைய ஊதாக்குருணைப் பைகளைக் கொடுத்து, அறையின் கடைசி வரிசைவரை மாட்டச் சொல்லியிருந்தார்கள். பழுக்கவைக்கும் வாயுவை அந்தப் பைகள் உறிஞ்சிவிடும். அவள் பெயரை யாரும் கேட்கவில்லை.

மோகன்ராஜ் ரெஜிஸ்டரைக் காட்டினான். அதிலும் பெயர் இல்லை. உள்ளே வந்தது லேடீஸ் பன்னிரண்டு, வெளியே போனதும் பன்னிரண்டு என்று வேனில் ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் காலையிலேயே இரண்டையும் எழுதி முடித்திருந்தார். அந்தப் பெண் பூட்ஸோடு வீட்டுக்குப் போயிருப்பாள் என்றான். இப்போது திறந்தால் காற்று ஏறி எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேனேஜருக்கு யார் பதில் சொல்வது என்றான்.

குழலி கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்பக்கக் கைப்பிடியை மறைத்துக்கொண்டு பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. இடுக்கில், தரையோடு, ஒரு வெள்ளை பூட்ஸின் நுனி தெரிந்தது. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். நுனி அசையவில்லை. யாரோ விட்டுப்போன வெறும் பூட்ஸாகவும் இருக்கலாம்.

"தொறங்க சார்."

"நீ போய் சாப்புடுக்கா."

அவள் டேப்பைக் கிழித்தாள். முழு உடம்பையும் கொடுத்து நெம்புகோலை இழுத்தாள்.

சில்லென்று வெளியேறிய காற்றை மூச்சாக இழுத்தாலும் இழுக்காதது மாதிரி இருந்தது. இரண்டு பெண்கள் பெட்டிகளை இறக்க, குழலி அந்தப் பெண்ணைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துவந்தாள். உதடு கருநீலமாகியிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. கையில் கூடை, அதில் ஒரு பைகூட மிச்சமில்லை.

அரை பாட்டில் தண்ணீர் குடித்தபிறகு தன் பெயர் ரத்னா என்றாள். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்களையும் கூப்டுங்கக்கா. நாலு பேரு. எங்கூடத்தான் பை மாட்டிகினு இருந்தாங்க. இன்னா கேட்டாலும் பேச மாட்டேன்றாங்க."

யாரும் சாப்பிடப் போகவில்லை. உள்ளே வேறு யாரும் இல்லை என்று சொல்லக் குழலி வாயெடுத்தாள். ஆனால் இதற்கு முன் வந்த வேன்களில் யார் வந்தார்கள், யார் திரும்பினார்கள் என்பது அவளுக்கும் தெரியாது. மோகன்ராஜ் அதற்குள் கதவை மூடிப் புது டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தான்.

ரத்னாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. சாயங்காலம் எல்லோருடனும் வேனில் ஏற்றி அனுப்பினார்கள். உத்தரவில்லாமல் கதவைத் திறந்ததற்காகக் குழலியின் கேட் பாஸைக் காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை குழலி ரத்னாவைப் பார்க்க அவள் ஊரான சேரப்பணஞ்சேரிக்குப் போனாள். டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும், அந்த வேலைக்குத் திரும்பப் போகாதே என்று சொல்ல வேண்டும். ரத்னா ரோட்டோரத்தில் வேனுக்காக நின்றிருந்தாள். காண்ட்ராக்டர் போன் செய்தாராம். இனி தினமும் அறைக்குள்தான் வேலை என்றாராம்.

"எனக்கு உள்ள பழகிப்போச்சுன்னு சொன்னாருக்கா."

போகாதே என்றாள் குழலி. ரத்னா சிரித்தாள். அவள் கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் கட்டிய நான்கு பொட்டலங்கள் இருந்தன. குழலி தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தன. யாருக்கு என்று கேட்டாள்.

"அவங்க சாப்ட்டு எத்தினி நாளாச்சோ."

வேன் வந்தது. ரத்னா ஜன்னலோரம் உட்கார்ந்து, பொட்டலங்கள் நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.