எண்பத்து மூன்று முறை புதிதானவள்

கொக்கராயன்பாளையம் காகித ஆலையில், ஏழு முறை கூழாகி ஏழு முறையும் பெட்டியாகவே திரும்பி வந்த அட்டைப்பெட்டிக்குப் பணி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். விழா முகப்பு மண்டபத்தில் மாலை நாலு மணிக்கு நடக்கும். பெட்டிக்குச் சந்தன மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அது இதுவரை சுமந்தவற்றை மேடையில் வாசிப்பார்கள். முதல் சுற்றில் பிஸ்கட், இரண்டாவதில் மின்விசிறி, மூன்றாவதில் சோப்பு என்று பட்டியல் போகும். எல்லாருக்கும் கேசரியும் மிக்சரும் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்த பிறகு, பெட்டியை ஆற்றைப் பார்த்துக் கட்டியிருக்கும் ஓய்வில்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே பெட்டிக்கு ஒன்று வீதம் மெத்தை வைத்த நாற்காலி உண்டு. அட்டைக்கு ஈரம் ஆகாது என்பதால் ஏசியும் உண்டு. ஆறு அன்றைக்கு என்ன நிறத்தில் ஓடினாலும் பெட்டிகள் குறை சொன்னதில்லை.

ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் கொஞ்சம் குட்டையாகிப்போகும். ஏழு முறைக்கு மேல் அதை வேலை வாங்குவது மனசாட்சி உள்ளவர்கள் செய்கிற காரியம் இல்லை. ஆலை முதலாளிக்கு இந்த ஒரு விஷயத்தில் ரொம்பவே இளகிய மனசு.

மாராத்தாளும் இதைக் குறையாக நினைத்தவள் இல்லை. அவள் வேலை தரம் பிரிக்கும் கொட்டகையில். லாரியில் வந்து இறங்கும் பழைய அட்டைகளிலிருந்து பின்னையும் டேப்பையும் பிடுங்கி எறிய வேண்டும். சுற்றுக்கு ஒன்றாக மடிப்பில் ஏழு புள்ளி விழுந்த பெட்டி கண்ணில் பட்டால் தூசி தட்டித் தனியே எடுத்து வைக்க வேண்டும். விழா முடிந்ததும் அதைத் தலையில் சுமந்துபோய் நாற்காலியில் உட்கார வைப்பவளும் அவள்தான். கொட்டகையில் நாற்காலி கிடையாது. நின்றபடியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. சாயங்காலமானால் கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. உட்கார வேண்டும். உலகத்தில் அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

ஒருநாள் பணியாளர் அலுவலகத்துக்குப் போய், தனக்கு எப்போது ஓய்வு என்று கேட்டாள். அதிகாரி நாச்சிமுத்து ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்.

"ஏனுங்கக்கா, நீங்க போன திங்கக்கெழமதான சேந்திருக்கறீங்க? அதுக்குள்ளயா ரிட்டயர்மென்ட்டு?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஒப்பந்தக்காரர் பொங்கியண்ணன் எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை எல்லாப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு வாரம் கழித்துப் புது அடையாள அட்டை கொடுத்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். சேரும் நாளில் ஒவ்வொருத்தியும் தன் பேரைச் சொல்லிப் பொங்கியண்ணனிடம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவரும் புதியவர்களிடம் பேசுவதுபோலவே, கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவார். இப்படி மாராத்தாள் எண்பத்து மூன்று முறை கழிப்பறையைப் பார்த்து வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் ஓய்வில்லத்துச் சுவரில் இருந்த விதிப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஆலைக்குள் வந்து, உழைத்து, வெளியே போய், மீண்டும் புதிதாக உள்ளே வரும் எதுவும் ஏழு சுற்று முடிந்ததும் ஓய்வுக்கு உரியது.' பெட்டி என்ற சொல் அதில் இல்லை. நாளைக்குச் சாக்குப்பையும் சேரலாம் என்று பொதுவாக எழுதி வைத்திருந்தார்கள். மாராத்தாள் நேராகப் பசுமைப் பிரிவுக்குப் போனாள்.

பசுமைப் பிரிவின் மேலாளர் அருணோதயன் மூங்கில் மேசையில் உட்கார்ந்து மண் குவளையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து சான்றிதழ் தணிக்கையாளர் வருகிறார். அவருக்குக் காட்ட இந்த மாதம் ஏழாம் சுற்றுப் பெட்டி ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தக் கவலையில் இருந்தவர், மாராத்தாள் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கும் ஒரு காபி சொன்னார்.

"எத்தனை சுற்றும்மா?"

"எம்பத்தி மூணுங்க."

அவர் விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். நீளம், அகலம், உயரம் அளந்தாயிற்று. எத்தனை அடுக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. மாராத்தாள் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டாள். உள்பாவாடை, புடவை, புடவைக்கு மேல் தூசிக்காகப் போட்டிருந்த ஆம்பளைச் சட்டை.

"மூணுங்க."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் சோதனை நடந்தது. நொறுங்கும்வரை தலையில் பாரம் ஏற்றிப் பார்ப்பது முறை. பதினோரு பெட்டி வைத்தும் அவள் நொறுங்கவில்லை. மேற்கொண்டு வைக்கக் கூரை இடம் கொடுக்காததால் 'திருப்தி' என்று எழுதிக்கொண்டார்கள். ஈரப்பதத்தில்தான் கொஞ்சம் இடறியது. எட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாராத்தாளுக்கு அறுபதுக்குப் பக்கத்தில் வந்தது. விதிப்படி அவளை முற்றத்தில், அட்டைக் கட்டுகளோடு வெயிலில் காய வைத்தார்கள். கொட்டகைத் தோழி தேவாத்தாள் மத்தியானம் வந்து அவளை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். படுத்துக்கொண்டு சம்பள நாளைக் கழிப்பது மாராத்தாளுக்கு இதுவே முதல் தடவை. சாயங்காலம் கருவி எட்டு காட்டியது.

வியாழக்கிழமை விழா நன்றாக நடந்தது. பொங்கியண்ணன்தான் மாலை போட்டார். மாராத்தாள் சுமந்தவற்றை அருணோதயன் வாசிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏழு சுற்றில் செத்துப்போகும் நார் இந்த வகையில் மட்டும் எப்படி எண்பத்து மூன்று சுற்று தாங்கியது என்று தணிக்கையாளர் ஆர்வமாகக் கேட்டார். அருணோதயன் பொங்கியண்ணனைக் கைகாட்டினார். பொங்கியண்ணன் தன் தொழில்முறையை விளக்கினார். தணிக்கையாளர் நிறையக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பிறகு மாராத்தாளை ஓய்வில்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் முதுகு நம்பவில்லை, அப்புறம் இடுப்பு நம்பியது, கடைசியாகக் கால் இரண்டும் நம்பின. இவ்வளவு சுகம் இந்த உலகத்தில் இருந்திருக்கிறதா, அதை இத்தனை வருஷமாக அட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேனா என்று அவளுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. இரண்டு பக்கமும் பெட்டிகள் அமைதியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சுகம் நாலு நாள் நீடித்தது. திங்கள்கிழமை உத்தரவு வந்தது. இனி அட்டைப்பெட்டிகளும் பொங்கியண்ணனின் ஒப்பந்தத்தில் வரும். எண்பத்தொன்பது நாளில் வெளியே போகும் பெட்டி, திரும்பி வரும்போது முதல் சுற்றுப் பெட்டியாகவே கருதப்படும். இதனால் ஒரே நாரை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மரம் வெட்டுவது பாதியாகக் குறையும் என்று ஆலைக்கு ஒரு படி உயர்ந்த சான்றிதழ் கிடைத்திருந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் புதிதாகச் சேர்ந்துவிட வேண்டியது.

பொங்கியண்ணன் புது அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டு ஓய்வில்லத்துக்கு வந்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. இன்னிக்கிருந்து புதுசா சேந்தாச்சு. கக்கூசு அந்தப் பக்கம்."

மாராத்தாள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் எண்பத்து நாலு. அதற்கப்புறம் இந்த நாற்காலி அவளுக்குக் கிடைக்கப்போவதே இல்லை.

"நா எந்திரிக்க மாட்டனுங்க."

"என்னக்கா நீங்க? பெட்டியெல்லாம் பேசாம வருது, நீங்க அடம் புடிக்கறீங்க," என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கு வலப்பக்க நாற்காலியில் இருந்த பெட்டியைத் தூக்கப் போனார். கடைசிச் சுற்றில் டிவி சுமந்த பெரிய பெட்டி அது.

"நானும் வரலீங்க," என்றது பெட்டி.

பொங்கியண்ணன் கையை எடுத்துவிட்டார். வாய்ப்பேச்சில் சொன்னால் தான் ஒன்றும் செய்ய முடியாது, எதுவானாலும் எழுத்தில் வேண்டும் என்றார். மாராத்தாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். எழுதக் கை வராது.

"நீங்க சொல்லுங்கக்கா, நா போட்டுக்கறேன்," என்றது பெட்டி. ஏழு சுற்றும் கம்பெனிக்காரர்களின் எழுத்தைச் சுமந்த உடம்பு அது. மாராத்தாள் யோசித்துச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மையில் எழுத்துகள் வரிசையாக எழும்பி வந்தன.

'நாங்கள் யாரும் புதிதாகச் சேர்ந்தவர்கள் இல்லை.'

பொங்கியண்ணன் கிட்டப் போய் இரண்டு தடவை படித்தார். அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, கீழே பேர் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

யார் பேரை முதலில் போடுவது என்று பெட்டி கேட்டது.

"சீனியாரிட்டிப்படி போடு சாமி," என்றாள் மாராத்தாள்.

பெட்டி அவள் பேரை முதலில் போட்டது. பிறகு அடுத்த பேருக்காகப் பக்கத்து நாற்காலியின் பக்கம் மெல்லத் திரும்பியது.