வாசிக்கக் கூடாத பெயர்

குரலில் எந்தச் சாயமும் இல்லாதவள் என்று மார்லிஸுக்கு அந்த அலுவலகத்தில் ஒரு மரியாதை இருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரின் மேற்கு ஓரத்தில், மூடிப்போன டயர் கடையை ஒட்டி இருந்தது அந்தக் கருத்துக் கணிப்பு நிறுவனம். சாயங்காலமானால் வரிசை வரிசையாக ஆட்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் சுற்றிக் கொடுக்கும் எண்களில் யார் எடுக்கிறார்களோ அவர்களிடம் கேள்வி வாசிப்பார்கள். புதிதாக வருகிறவர்களை முதல் நாள் மார்லிஸின் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவள் எந்தப் பெயரையும் பால் விலை சொல்வதைப்போலத்தான் சொல்வாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு டிவி நிறுவனத்துக்காக வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கேள்வி இது: "இன்றைக்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள்? செனட்டர் ஆல்டிங்டனுக்கா, கவர்னர் ப்ரூஸ்டருக்கா?" அங்கே நிறுத்திவிட வேண்டும். திரையில் அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இன்னொரு வரி இருக்கும். 'வேறு வேட்பாளர். வாசிக்க வேண்டாம். அவராகச் சொன்னால் மட்டும் குறிக்கவும்.'

அந்த வேறு வேட்பாளர் ராய்ஸ் ஹால்டர்சன். டகோட்டா பக்கத்து மாஜி நீதிபதி. இரண்டு கட்சிகளிலும் சேராமல், ஒவ்வொரு மாநிலத்திலும் கையெழுத்து வாங்கி வாக்குச்சீட்டில் பெயர் ஏற்றியவர். வேட்பாளர்கள் நேருக்கு நேர் பேசும் டிவி விவாத மேடையில் ஏற அது போதாது. ஐந்து கணிப்புகளின் சராசரியில் பதினைந்து சதவீதம் வேண்டும். நான்கு வந்துவிட்டன. ஹால்டர்சன் பதினைந்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது, மார்லிஸ் வாசித்துக்கொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு அது செய்தி. மார்லிஸுக்கு அப்படி இல்லை.

அவளுடைய ஊர் கில்ஃபோர்ட். அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிப் பத்து மாதம் கழித்து அவள் மகள் பிரிட்டாவுக்கு வலி எடுத்தது. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஹைவே ஓரத்தில் நிறுத்திய ஆம்புலன்ஸில் குழந்தை பிறந்தது. மாரிட் என்று பெயர் முன்பே முடிவாகியிருந்தது. பெயரோடுதான் புதைத்தார்கள்.

கோடையில் ஹால்டர்சன் கில்ஃபோர்டுக்கு வந்தார். பூட்டிய வார்டின் முன்னால் நின்றார். பிரிட்டாவிடம் குழந்தையின் பெயரைக் கேட்டார். எப்படி எழுதுவது என்றும் கேட்டார். "மேடையில என்னை ஏத்தினாங்கன்னா, இந்தப் பேரைச் சொல்லித்தான் அவங்க ரெண்டு பேரையும் கேப்பேன்மா. இந்த மாதிரி எத்தனை வார்டு மூடினீங்கன்னு. நேருக்கு நேரா கேட்டா மழுப்ப முடியாது" என்றார். அவர் அழவில்லை, தோளைத் தொடவும் இல்லை. அதனாலேயே மார்லிஸ் அவரை நம்பினாள்.

அன்று டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். கேமராக்காரன் பிரிட்டாவைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றான். சாயங்காலச் செய்தியில் ஹால்டர்சன் சில நொடிகள் வந்தார். அவர் கோட்டுக் கையில் தையல் விட்டுப்போயிருந்ததைக் காட்டினார்கள். செய்தி வாசிப்பவள் சிரித்தாள். மூடிய வார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கணிப்பின் இரண்டாம் நாளே மார்லிஸ் சூப்பர்வைசர் டுவேனிடம் போனாள். டுவேன் அவளைவிட இருபது வயதாவது சின்னவன். கெட்டவன் இல்லை.

"ரெண்டு பேர் பேரைச் சொல்றோம். மூணாவது ஆள் பேரைச் சொல்றதில்ல. அப்புறம் அவருக்கு ஆளு இல்லன்னு கணக்கு எழுதறோம். இது என்ன கணிப்பு?"

"கேள்வி டிவிக்காரங்க எழுதினது மார்லிஸ். நாம வாசிக்கறவங்க, அவ்ளோதான்."

"அவரு வாக்குச்சீட்டுல இருக்காருல்ல?"

"இருக்காரு. ஸ்க்ரிப்ட்ல இல்ல. என்னைப் போட்டு ஏங்க வறுக்கறீங்க? நானா நாட்டை நடத்தறேன்?"

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து மேசை டெல்ஃபின் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். "என்னடீ, புரட்சியா? உன் ஜட்ஜு ஜெயிச்சா எனக்கு ஒரு மந்திரி பதவி வாங்கிக் குடு. சிகரெட் துறை இருந்தா நல்லது."

"போடீ. வேலையப் பாரு."

நெப்ராஸ்கா, டகோட்டா, மேற்கு அயோவா எண்களை மார்லிஸுக்கே தள்ளுவார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் அவள் பேச்சைக் கேட்டால் போனை வைக்க மாட்டார்கள். அங்கே ஹால்டர்சன் பெயரைத் தானாகவே சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் அடுப்பில் எதையோ பொரித்துக்கொண்டே, மார்லிஸ் இரண்டாவது பெயரை முடிக்கும் முன்பே வெட்டினாள். "ரெண்டும் வேணாம். ஹால்டர்சன். எழுதிக்கிட்டியா? அழிச்சுடாத." மார்லிஸ் சாம்பல் வரியைத் தொட்டாள். அது கறுத்தது. அப்படி ஒவ்வொரு முறை கறுக்கும்போதும் அவளுக்கு மூச்சு லேசாகும். குரல் மாறாது.

நான்காம் நாள் ஒரு கிழவர் எடுத்தார். மாடு வளர்க்கிறவர். பின்னால் நாய் குரைத்தது.

"ஆல்டிங்டனா, ப்ரூஸ்டரா... இவ்ளோதானாம்மா? கடையில ரெண்டே சரக்குதானா?"

"உங்க விருப்பம் எதுவோ அதைச் சொல்லலாங்க."

"அதைத்தான் சொல்ல வர்றேன். அந்த ஜட்ஜு ஒருத்தரு. எங்க ஊருக்குக்கூட வந்தாரு. பேரு நாக்கு நுனியில நிக்குது. ஹெ... ஹே... அட, சொல்லேன்மா."

மார்லிஸ் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டாள். விதி அது. எடுத்துக் கொடுக்கக் கூடாது. "நானே எதுவும் சொல்ல முடியாதுங்க."

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"கேள்வியைத் திரும்ப வாசிக்கட்டுமாங்க?"

நாய் குரைத்து ஓய்ந்தது. கிழவர் பெருமூச்சு விட்டார். "வயசாச்சு, நினைவு நிக்கல. போகட்டும், ப்ரூஸ்டர்னு போட்டுக்க."

அவள் ப்ரூஸ்டர் என்று போட்டாள். அடுத்த எண் ஒலிக்கத் தொடங்கியது. அவள் கைகள் விசைப்பலகையின் மேல் அப்படியே கிடந்தன. எதிர்முனையில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கத்திவிட்டு வைத்தார்கள்.

மறுநாள் கடைசி நாள். முதல் அழைப்பிலேயே அவள் வாசித்தாள். "செனட்டர் ஆல்டிங்டனுக்கா, கவர்னர் ப்ரூஸ்டருக்கா, நீதிபதி ஹால்டர்சனுக்கா?" மூன்றும் ஒரே குரலில். மூன்றாவதை அழுத்தவில்லை, இழுக்கவில்லை. அதில் அவள் கவனமாக இருந்தாள். தான் யாரையும் தள்ளவில்லை, இருப்பதைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. பலர் அப்போதும் ஆல்டிங்டன் என்றோ ப்ரூஸ்டர் என்றோதான் சொன்னார்கள். "யாரு அது, மூணாவது?" என்று ஒருவர் கேட்டார். "அந்தக் கிழிஞ்ச கோட்டுக்காரனா? வேலையப் பாரும்மா" என்று ஒருவர் சிரித்தார். சிலர் சற்று யோசித்து, "ஆமால்ல, அவரு இருக்காருல்ல" என்றார்கள். சாம்பல் வரி முந்தைய நாட்களைவிட அடிக்கடி கறுத்தது.

டெல்ஃபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் திரைக்குத் திரும்பினாள்.

இடைவேளைக்குப் பிறகு டுவேன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் காதில் ஹெட்செட் இருந்தது. சூப்பர்வைசர்கள் இடையிடையே எந்த லைனிலும் புகுந்து கேட்பார்கள். எல்லோருக்கும் தெரியும். மார்லிஸின் லைனை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

"அந்தப் போனை முடிச்சுட்டு வாங்க" என்றான்.

கண்ணாடி அறையில் அவன் கதவைச் சாத்தினான். உட்காரவில்லை.

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குத்தான்."

"நிஜமா?"

"நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

"நேத்து வரைக்கும் பார்த்ததில்ல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்களை வச்சுத்தானேங்க புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம வாசிக்கணும், மார்லிஸப் பாருன்னு."

"இன்னைக்கு வாசிச்சதைத் தூக்கிடு. வீட்டுக்குப் போயிடறேன். சம்பளமும் வேணாம்."

"இன்னைக்கு மட்டும் தூக்க முடியாது. ஒருத்தர் ஸ்க்ரிப்டை மீறினா அவங்க எடுத்த எல்லாத்தையும் தூக்கணும். முதல் நாள்லேர்ந்து. அதான் விதி."

மார்லிஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள். "முதல் நாலு நாளு ஒழுங்கா வாசிச்சிருக்கேன் டுவேன். அவங்கல்லாம் தானா சொன்னவங்க. நான் எடுத்துக் குடுக்கல. ஒரு பொம்பள அழிச்சுடாதன்னு சொன்னா. ரெக்கார்டு இருக்குல்ல? போட்டுக் கேளு."

"ரெக்கார்டு இருக்கு. ராத்திரிக்குள்ள நம்பர் போகணும். உக்காந்து அத்தனையும் கேக்க என்கிட்ட யாரு இருக்கா? கேட்டாலும் டிவிக்காரன் ஒத்துக்க மாட்டான். ஒண்ணு கெட்டா கூடையே கெட்டதுன்னுதான் எடுத்துப்பான்."

"அந்தப் பக்கத்து ஆளுங்கள்ல பாதிப் பேரை நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"அவருக்கு ஓட்டு இருக்கறதே அங்கதான்."

"அதுவும் தெரியும்" என்றான் டுவேன். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "மத்தவங்க எடுத்த கொஞ்சத்தை வச்சு ஈடு கட்டுவாங்க. வர்றது வரட்டும். அடையாள அட்டையை வச்சுட்டுப் போங்க மார்லிஸ்."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்தாள். இருபக்கமும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டிங்டனுக்கா, ப்ரூஸ்டருக்கா. ஆல்டிங்டனுக்கா, ப்ரூஸ்டருக்கா.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஐந்தாவது கணிப்பில் ஹால்டர்சனுக்குப் பன்னிரண்டு. சராசரி பதினைந்துக்குக் கீழே போனது. 'ஆதரவு கரைந்தது' என்று டிவியில் எழுத்து ஓடியது. மார்லிஸ் எடுத்தவை இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மார்லிஸ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பல முறை. ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

விவாதம் நடந்த அன்று மார்லிஸ் பிரிட்டாவின் வீட்டுக்குப் போனாள். பிரிட்டா சூப் வைத்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் இரண்டு மேசைகள் தயாராக நின்றன.

"அவரு வரலைல்ல?" என்றாள் பிரிட்டா. "போதுமான ஆளு இல்லன்னு சொல்றாங்க. நம்ம பக்கமே கைவிட்டுடுச்சாம்."

"கைவிடல" என்றாள் மார்லிஸ். பிறகு நடந்ததைச் சொன்னாள். கிழவரையும் நாயையும் சொன்னாள். வாசித்ததைச் சொன்னாள். முதல் நாலு நாளும் போனதைச் சொன்னாள். தன் பக்கம் நியாயம் என்று எதையும் சேர்க்கவில்லை.

பிரிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று மார்லிஸ் எதிர்பார்த்தாள்.

"நீ ஏம்மா வாசிச்ச?" என்றாள் பிரிட்டா மெதுவாக. "சொல்ல வேண்டியவங்க அவங்களாவே சொல்லிட்டிருந்தாங்களே."

அந்தக் கிழவருக்காக என்று மார்லிஸ் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.

விவாதத்தில் மருத்துவம் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. ஆல்டிங்டன் காப்பீட்டைப் பற்றிப் பேசினார். ப்ரூஸ்டர் ஆல்டிங்டனைப் பற்றிப் பேசினார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அடுத்த கேள்வி எல்லையைப் பற்றியது. பிரிட்டா எழுந்து கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

விவாதம் முடிந்த கொஞ்ச நேரத்தில் சமையலறைப் போன் அடித்தது. பிரிட்டாவின் கை ஈரமாக இருந்ததால் மார்லிஸ் எடுத்தாள்.

சின்னப் பெண்ணின் குரல். புதிது என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. குரலில் சாயம் நிறைய இருந்தது. "வணக்கங்க, விவாதம் பார்த்தவங்ககிட்ட ஒரு சின்னக் கணிப்பு பண்றோம். இன்னைக்கு விவாதத்துல யாரு ஜெயிச்சதா நினைக்கறீங்க? செனட்டர் ஆல்டிங்டனா, கவர்னர் ப்ரூஸ்டரா?"

"ஹால்டர்சன்" என்றாள் மார்லிஸ்.

மறுமுனை தடுமாறியது. "அவரு... அவரு அதுல இல்லீங்களே."

"தெரியும்மா. உன் திரையில கீழ ஒரு வரி இருக்கும். சாம்பல் கலர்ல. வாசிக்க வேண்டாம்னு போட்டிருக்கும். நானாத்தான் சொல்றேன், நீ எடுத்துக் குடுக்கல. அதைத் தொட்டுடு."

அந்தப் பெண் தேடுவது கேட்டது. சுற்றிலும் நிறையக் குரல்கள் ஒரே கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தன. பிரிட்டா குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க" என்றது குரல். "இந்தக் கேள்விக்கு அந்த வரி இல்லீங்க. ரெண்டுதான் இருக்கு."

"நல்லாப் பாரும்மா."

"பார்த்துட்டேங்க. ரெண்டுதான்." பிறகு, சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள். "கேள்வியைத் திரும்ப வாசிக்கட்டுமாங்க?"